கைமுதல்

நம் சங்க மலருக்கு ஆண்டுதோறும் மூன்று வகைக் கட்டுரைகள் தவறாமல் வந்து சேரும். விடுதிச் சாப்பாட்டைப் பற்றிய நகைச்சுவைக் கட்டுரை ஒன்று. அகமதாபாத்தின் வெயிலைப் பற்றிய புலம்பல் ஒன்று. தமிழின் தொன்மையைப் பற்றிய முழக்கம் ஒன்று. சென்ற வாரம் செயலாளர் என் அறைக்கு வந்து, "மூன்றும் வந்துவிட்டன. நீ பொருளாதாரம் படிக்கிறவன், படிக்கிற பாடத்தைப் பற்றி ஏதாவது எழுதித் தா" என்றார். "யாரும் படிக்க மாட்டார்களே!" என்றேன். "பக்கம் நிரம்பினால் போதும்" என்று மறுமொழி சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆகவே, நண்பர்களே, பக்கத்தை நிரப்புகிறேன்.

சென்ற பருவத்தில் ஒருநாள் எங்கள் வகுப்பில், வளரும் நாடுகளில் பெண் தொழில் முனைவோர் என்பது பாடம். பேராசிரியர் பாடத்தைத் தொடங்குமுன், "உங்கள் குடும்பங்களில் பெண்கள் யாராவது தொழில் நடத்துகிறார்களா?" என்று கேட்டார். குஜராத் அல்லவா? கைகள் மளமளவென்று உயர்ந்தன. சூரத்துப் பெண் ஒருத்தியின் அத்தை சேலைகளுக்குச் சரிகை வேலை செய்து தரும் பட்டறை வைத்திருந்தாள். ராஜ்கோட் நண்பனின் தாயார் கவரிங் நகை செய்விக்கிறாராம். பேராசிரியரின் பார்வை என் பக்கம் வந்தது. நான் குறிப்பேட்டில் எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

என் அம்மா அரக்கோணத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக இட்லிக் கடை நடத்துகிறாள்.

வெட்கம் காரணமா என்று கேட்டால், பாதி ஆம் என்பேன். மறுபாதி அதைவிட மோசமானது. அம்மா தொழில் நடத்துகிறாள் என்ற நினைப்பே அந்தக் கணத்தில் எனக்கு வரவில்லை! அவள் இட்லி விற்கிறாள். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அப்பா செய்வது தொழில், அம்மா செய்வது வீட்டுக்கு ஒத்தாசை: இப்படித்தான் எங்கள் வீட்டில் பேச்சு. ரேஷன் அட்டைக்காகவோ வேறு எதற்காகவோ யாராவது விவரம் எழுத வந்தால், "வீட்டு வேலை" என்று அம்மாவே சொல்லி எழுதவைப்பாள். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து, நான்கரைக்குக் கடை விரித்து, முதல் மின்சார ரயிலுக்கு ஓடுகிறவர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி, பிற்பகலில் மறுநாளுக்கு அரிசி ஊறப்போடுகிறவளுக்கு வீட்டு வேலை செய்கிறவள் என்று பெயர்.

அவளுடைய பணக் கணக்கைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அரிசி, உளுந்து, எண்ணெய், எரிவாயு எல்லாவற்றுக்கும் முதலில் காசு வைத்தாக வேண்டும். கையில் முதல் இல்லாத நாட்களில் தண்டல்காரர் வருவார். கால்சட்டை மடிப்புக் குலையாமல், தோளில் தொங்கும் பையில் சீட்டுக் கட்டோடு, மிக மரியாதையாகப் பேசுகிற மனிதர் அவர். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் கொடுப்பார். மறுநாளிலிருந்தே நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டவேண்டும். ஆயிரம் ரூபாய்தானே வட்டி, ஒன்பதாயிரத்துக்கு அது பெரிதா என்று எனக்கும் தோன்றியதுண்டு. இங்கு வந்து கணக்குப் போடக் கற்ற பின்புதான், கடன் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறதே, சராசரியாகப் பாதிப் பணம்தானே அவள் கையில் இருக்கிறது என்று புரிந்தது. ஆண்டு வட்டியாக மாற்றினால் ஏறக்குறைய 80 விழுக்காடு! நம் சங்கத்தில் கணிதம் படிப்பவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒரு முறை அம்மா ஒரு வங்கிக் கிளைக்குப் போனாள். கடைக்கு வாடகைப் பத்திரம் கேட்டார்கள். நடைபாதைக்கு யார் பத்திரம் எழுதித் தருவார்கள்? கணவரை அழைத்து வரச் சொன்னார்கள். அடுத்த முறை மேலாளர் விடுப்பில் இருந்தார். மூன்று முறை நடந்ததில் மூன்று நாள் வியாபாரத்தில் பாதி போயிற்று. "தண்டல்காரன் நம்ம வாசலுக்கு வரான். அங்கே நம்ம போய் நிக்கணும்" என்று சொல்லி அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டாள்.

இந்தக் கதையை நான் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. மாணேக் சௌக்கில் ஒரு கிழவியிடந்தான் முதலில் சொன்னேன்.

முருங்கைக்காய்க்காக நாம் இந்த ஊரில் படும் பாடு உங்களுக்குத் தெரியும். விடுதிச் சாம்பாரில் அதைக் காணாமல் ஏங்கிய நாங்கள் நாலு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழைய நகருக்குள் புறப்பட்டோம். மாணேக் சௌக் விசித்திரமான இடம். காலையில் காய்கறிச் சந்தை. பகலில் தங்கமும் வெள்ளியும் விற்கும் கடைத்தெரு. இரவில் தின்பண்டக் கடைகள். ஒரே மண்ணில் மூன்று வியாபாரம். அங்கே முருங்கைக்காய்க்கு 'சரகவோ' என்று பெயர். அதைக் குவித்து வைத்திருந்த மூதாட்டி, எங்களைப் பார்த்ததும் கேட்காமலே நாலு கட்டு எடுத்துவைத்தாள். மதராசிகள் வேறு எதற்கு வருவார்கள் என்பது அவள் கண்ட அனுபவம்.

அவளை எல்லோரும் 'மாசி' என்றே கூப்பிட்டார்கள். நம் சித்தி, பெரியம்மா முறை. நானும் அப்படியே கூப்பிட்டேன். நாலைந்து ஞாயிறுகள் போனபின் பேச்சு வளர்ந்தது. என் அரைகுறை இந்தியும் அவள் குஜராத்தியும் எப்படியோ ஒன்றையொன்று புரிந்துகொண்டன. ஒருநாள், "புது லாரி வாங்கக் கடன் வாங்கியிருக்கிறேன், திக்ரா" என்றாள். திக்ரா என்றால் மகனே. நான் அசந்துபோனேன். கூறுகட்டிக் காய் விற்கிறவள் லாரி வாங்குகிறாளே என்று அவளை ஏற இறங்கப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, இந்த ஊரில் தள்ளுவண்டிக்கு லாரி என்று பெயர்! விடுதியில் இதைச் சொல்லிப் பல நாள் சிரித்தோம்.

கடன் எங்கே வாங்கினாள் என்று கேட்டதற்கு, இடுப்புப் பையிலிருந்து ஒரு கணக்குப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். அதில் அவளுடைய புகைப்படம் ஒட்டியிருந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது. "வீட்டில் வைத்தால் எல்லார் கண்ணுக்கும் தெரியும். அங்கே வைத்தால் எனக்கு மட்டும் தெரியும்" என்றாள். கடனைப் பற்றிக் கேட்டவனுக்குச் சேமிப்பைப் பற்றி விடை சொல்கிறாளே, கிழவிக்குக் கேள்வி புரியவில்லை என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

அந்தப் புத்தகம் எல்லிஸ் பாலத்தருகே உள்ள சேவா வங்கியுடையது. அதன் வரலாற்றை நூலகத்தில் தேடிப் படித்தேன். இந்த நகரின் ஆலைத் தொழிலாளர் சங்கமான மஜூர் மகாஜன், காந்தியடிகளின் துணையோடு அனசூயா சாராபாய் 1920-இல் கண்டது. அதன் மகளிர் பிரிவைக் கவனித்துவந்த வழக்கறிஞர் இலா பட்டிடம், துணிச் சந்தையில் தலைச்சுமை தூக்கும் பெண்கள் வந்து குறை சொன்னார்கள். அவர்களுக்கெல்லாம் ஒரு சங்கம் வைக்கலாம் என்று பதிவு செய்யப் போனால், "உங்களுக்கு முதலாளி யார்? முதலாளி இல்லாமல் தொழிற்சங்கம் எப்படி?" என்று அரசு அதிகாரிகள் கேட்டார்கள். யாரை எதிர்த்துப் போராடுவது என்று தெரியாதவர்களுக்குச் சங்கம் எதற்கு என்பது சட்டத்தின் ஐயம். வாதாடி, 1972-இல் சேவா பதிவாயிற்று.

கடன் விஷயம் அதற்குப் பிறகு வந்தது. 1969-இல் வங்கிகள் நாட்டுடைமையாகி, ஏழைகளுக்கும் கடன் தரவேண்டும் என்ற பேச்சு எழுந்திருந்த காலம். சேவா தன் பெண்களை அந்த வங்கிகளுக்கு அனுப்பிப் பார்த்தது. வேலை செய்த அழுக்குச் சேலையோடும் இடுப்பில் பிள்ளையோடும் வந்து நின்றவர்களை என்ன செய்வதென்று எழுத்தர்களுக்குத் தெரியவில்லை. அதோடு, கிடைத்த பணத்தை வைத்துக்கொள்ளவும் அந்தப் பெண்களுக்கு ஓர் இடம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பணம் எப்படியோ கரைந்துவிடும். நமக்கென்று ஒரு வங்கி வைத்தால் என்ன என்று அவர்களே கேட்டார்கள். நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குப் பணம் போட, 1974-இல் கூட்டுறவு வங்கி பிறந்தது. பதிவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டியவர்களுக்கு எழுதத் தெரியாது. இரவெல்லாம் உட்கார்ந்து தம் பெயரை எழுதப் பழகிக்கொண்டு போய்க் கையெழுத்திட்டார்கள் என்று இலா பட் எழுதியிருக்கிறார். அந்த இரவை நினைத்தால் எனக்கு என் தேர்வு இரவுகளெல்லாம் அற்பமாகத் தோன்றுகின்றன.

மாசி உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பாட்டி காலத்திலிருந்து அந்தச் சௌக்கில் காய் விற்றவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று அப்புறப்படுத்தியபோது, வழக்கு 1982-இல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நடைபாதை வியாபாரிகளுக்கென்று நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வர 2014 ஆயிற்று. அரக்கோணத்துக்கும் அந்தச் சட்டம்தான் என்பதை அம்மாவுக்கு நான் தொலைபேசியில் சொன்னேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்றாள்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

பருவக் கட்டுரைக்காகப் பேராசிரியர் எனக்குக் கொடுத்தது இலங்கையில் நடந்த ஓர் ஆராய்ச்சி. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், தென்னிலங்கையில் சிறு தொழில் நடத்துவோர் பலருக்கு, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, இலங்கை ரூபாய் பத்தாயிரமோ இருபதாயிரமோ இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். டி மெல், மெக்கென்சி, உட்ரஃப் என்ற மூவர் செய்த ஆராய்ச்சி இது. ஆண்களின் தொழிலில் இலாபம் நன்றாக உயர்ந்தது. பெண்களின் தொழிலில் சராசரியாக ஒன்றும் உயரவில்லை. இதைப் படித்த பலர், பெண்களுக்கு வியாபாரத் திறமை போதாது, பயிற்சி கொடுக்கவேண்டும் என்றார்கள். நானும் என் கட்டுரையின் முதற்படியில் அப்படித்தான் எழுதினேன். தாய் கையால் பத்தொன்பது வருடம் இட்லி தின்றவன் எழுதினேன்!

பிறகு 2019-இல் ரோஹிணி பாண்டே, எரிக்கா ஃபீல்டு முதலிய நால்வர், இலங்கையின் விவரங்களோடு இந்தியா, கானா நாடுகளின் விவரங்களையும் சேர்த்து மறுபடி ஆராய்ந்தார்கள். வீட்டில் அவள் தொழில் ஒன்றே தொழிலாக இருந்தால், பெண்ணின் இலாபமும் ஆணின் இலாபத்தைப் போலவே இருந்தது. வீட்டில் கணவனுக்கும் ஒரு தொழில் இருந்தால், அவள் பெயரில் வந்த பணம் அவன் தொழிலுக்குள் போய்விடுகிறது. அவள் தொழிலில் இலாபம் தெரியாததற்குக் காரணம், அந்தப் பணம் அங்கே இல்லாததுதான்.

இந்த வரியைப் படித்தபோது இரவு பதினொரு மணி இருக்கும். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு இங்கே இடம் கிடைத்த ஆண்டு, அம்மா தன் மகளிர் குழு மூலம் 40,000 ரூபாய் கடன் வாங்கினாள். தருமபுரியில் 1989-இல் தொடங்கித் தமிழ்நாடெங்கும் பரவினவே, அந்தக் குழுக்கள்தாம். பெரிய கிரைண்டர் ஒன்று 25,000 ரூபாய்க்குப் பார்த்து வைத்திருந்தாள். கையளவு கிரைண்டரில் நாலு தரம் அரைப்பதற்குப் பதில் ஒரே தரம் அரைத்தால், மாலையில் மாவும் விற்கலாம் என்பது அவள் திட்டம். குழுவின் பதிவேட்டில் "கிரைண்டர்" என்றே எழுதியிருக்கிறது. கிரைண்டர் வரவில்லை. கட்டணம், விடுதி முன்பணம், நவஜீவன் எக்ஸ்பிரசில் இரண்டு டிக்கெட்டு, ஒரு ஸ்வெட்டர் என்று நான் வந்தேன். மிச்சம் அப்பாவின் ஆட்டோவுக்குப் பழுது பார்க்கப் போயிற்று. தவணையைக் கட்டியது பழைய கிரைண்டரும் அம்மாவின் தோள்பட்டையும். இடையில் ஒரு தவணைக்குத் தண்டல்காரரிடம் வாங்கிக் கட்டினாள்.

நாளை யாராவது அறிஞர் வந்து எங்கள் வீட்டை ஆராய்ந்தால், கடன் கொடுத்தும் இட்லிக் கடை வளரவில்லை என்றுதான் எழுதிக்கொண்டு போவார். அவருடைய அட்டவணையில் நான் எந்தக் கட்டத்திலும் இருக்கமாட்டேன்.

மாசி என் கேள்விக்குச் சரியாகத்தான் விடை சொல்லியிருக்கிறாள் என்று அன்றிரவு விளங்கியது. பெண்களுக்குத் துணிவு வேண்டும், தன்னம்பிக்கை வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். நான்கரை மணி இருட்டில் ரயிலடியில் அடுப்பு மூட்டுகிறவளுக்கு இவர்கள் எந்தத் துணிவைக் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள்? அவள் சம்பாதித்தது அவள் எடுக்கும்வரை அவள் பெயரில் இருக்க ஓர் இடம் வேண்டும். கென்யாவில் சந்தைப் பெண்களுக்கு வட்டியே இல்லாத, எடுத்தால் கட்டணம்கூடப் பிடிக்கிற கணக்கு ஒன்றைத் திறந்து கொடுத்தார்கள். அப்படியிருந்தும் அவர்கள் அதில் பணம் போட்டார்கள். தொழிலில் போட்ட முதலும் கூடியது. வட்டியை இழந்தாவது வீட்டாரிடமிருந்து பணத்தைக் காப்பாற்ற விரும்புகிறார்கள் என்றால், வீட்டில் உள்ளவர்களாகிய நம்மைப் பற்றி அது என்ன சொல்கிறது?

கடனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடன் என்றால் எல்லாம் ஒன்றல்ல. கொல்கத்தாவில் நடந்த ஒரு சோதனையில், சிலருக்கு வழக்கம்போல் இரண்டாம் வாரத்திலேயே தவணை தொடங்கியது. சிலருக்கு இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் அதிகம் முதல் போட்டார்கள். மூன்று ஆண்டுக்குப் பின் இலாபமும் அதிகம். கட்டத் தவறியவர்களும் அவர்களில் சற்று அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுநாளே கைநீட்டுகிற கடனை வாங்கியவள், மறுநாளே காசாகிற இட்லியைத் தவிர வேறு எதையும் செய்ய முடியாது. ஆந்திரத்தில் வாரத் தவணைக் கடன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, தற்கொலைகள் நேர்ந்து, 2010-இல் அரசு அவசரச் சட்டம் போடவேண்டி வந்ததும் அண்மைக் காலத்துக் கதைதான். அங்கேயும் பெண்கள் பெயரில்தான் பணம் வந்தது.

பருவ விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். கடையில் முன்பு கவனிக்காத ஒன்றைக் கவனித்தேன். இட்லிக் குண்டானுக்குப் பக்கத்தில், கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்துகிற கட்டம் போட்ட அட்டை. பாதி வாடிக்கைக்காரர்கள் இப்போது அதில்தான் செலுத்துகிறார்கள். அது அப்பாவின் கணக்கு. அம்மாவிடம் பழைய பொத்தான் கைப்பேசிதானே, ஆகையால் இரண்டு வருடத்துக்கு முன்பு அப்பா பெயரில் அதைப் பதிவு செய்து ஒட்டியவன் நான்தான். இரவு சாப்பிடும்போது அம்மா அப்பாவிடம், "இன்னைக்கு எவ்ளோ வந்துச்சு?" என்று கேட்டாள். என் கடையில் எவ்வளவு விற்றது என்று அவள் இன்னொருவரைக் கேட்கிறாள். அப்பா நல்லவர், ஒளிக்காமல் சொல்வார். ஆனாலும் டீசல் போட்டது போகத்தான் சொன்னார்.

மறுநாள் அம்மாவை அழைத்துப் போய் அவள் பெயரில் கணக்கை வைத்து, என் பழைய கைப்பேசியை அவளிடம் கொடுத்து, புது அட்டை ஒட்டினேன். அப்பா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், "டீசலுக்கு உங்கம்மாகிட்டே கேக்கணுமாடா இனிமே?" என்றார். "அம்மா இத்தனை நாள் அரிசிக்கு உங்களைக் கேட்கவில்லையா?" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவர் ஆட்டோவில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவன் நான்.

இங்கு திரும்பியபின், உதவித்தொகை நிலுவை மொத்தமாக வந்தது. அதில் 10,000 ரூபாயை அம்மாவின் கணக்குக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"கிரைண்டருக்கும்மா."

"கடனா, சும்மாவா?"

"சும்மாதான்."

"சும்மா வாணாம். சும்மா குடுத்தா நாளைக்கு உனக்கு ஒரு செலவு வரும், நான் எடுத்துக் குடுத்துடுவேன். கடன்னா கிரைண்டர்லே போட்டாத்தான் திருப்ப முடியும். வட்டி எவ்ளோன்னு சொல்லு."

"அம்மா, உன்கிட்டே வட்டியா?"

"வட்டி இல்லாம குடுக்கிறவன் எப்ப வந்து கேப்பான்னு தெரியாதுடா. தண்டல்காரன் நேரத்துக்கு வரான், நேரத்துக்குப் போறான்."

நெடுநேரம் பேரம் நடந்தது. தவணை மூன்றாம் மாதத்திலிருந்து தொடங்கலாம் என்று நான் சொன்னதற்கு, எதற்கு என்று கேட்டாள். கொல்கத்தாக் கதையைச் சொன்னேன். அதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டு, "இது நல்லாருக்கு" என்றாள். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று முடிந்தது. கிரைண்டருக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. மீதியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். இதுவரை இரண்டு மாத வட்டி, மாதம் 100 ரூபாய் வீதம், ஒன்றாம் தேதி காலை பத்தரை மணிக்கு, பாத்திரம் கழுவியபின், வந்து சேர்ந்திருக்கிறது.